பவுண்டு போய்ச் சேரும் ஊர்



அழைப்பிதழில் இன்றைய தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஜிம்பாப்வேக்காரரையும் வியட்நாம்காரரையும் ஒன்றாக வைத்துப் பேசப் போகிறீர்களா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற மாதிரி இருக்கிறதே" என்றார். நியாயமான கேள்விதான். ஒன்று ஆப்பிரிக்காவின் தெற்கில் கடலே இல்லாத நாடு. இன்னொன்று நெடுகக் கடற்கரை. மொழி, மதம், சாப்பாடு எதிலும் ஒட்டுறவு கிடையாது. இந்த இருவரும் சந்திக்கும் இடம் எது?

லண்டனில் பணம் அனுப்பும் கடை. அகலக் குறைவான கடை. முன்பக்கம் கைப்பேசி உறைகளும் சிம் அட்டைகளும் தொங்கும். உள்ளே கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு பையன், அவன் தலைக்கு மேலே அன்றைய விலைப் பலகை. வியட்நாம் என்ற வரிக்கு எதிரே ஒரு பவுண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேலே டாங் என்று போட்டிருக்கும். ஜிம்பாப்வே என்ற வரியில் அந்த நாட்டு நாணயத்தின் பெயர் இருக்காது. அமெரிக்க டாலர் என்றுதான் இருக்கும். நான் இன்று சொல்ல வந்ததில் பாதி அந்தப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. இந்த இரண்டு சமூகங்களில் யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் தேடிப் போனவன் நான். போன இடத்தில், சம்பாதித்த பவுண்டு ஊருக்குப் போய் என்னவாகிறது என்ற கேள்விதான் பெரிதாக வந்து நின்றது.

பேச்சைப் பிரிட்டனோடு நிறுத்திக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வியட்நாமியர் பிரிட்டனைவிடப் பல மடங்கு இருக்கிறார்கள். ஜிம்பாப்வேக்காரர்கள் அதிகம் போன இடமோ தென்னாப்பிரிக்கா. ஆனால் இருவரையும் ஒரே தெருவில் பார்க்க வேண்டும் என்றால் பிரிட்டன்தான் தோது. 2001 கணக்கெடுப்பில் ஜிம்பாப்வேயில் பிறந்தவர்கள் அங்கே 49 ஆயிரத்துச் சொச்சம் பேர். வியட்நாமில் பிறந்தவர்கள் 23 ஆயிரத்துச் சொச்சம். பத்தே ஆண்டில், 2011-இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஜிம்பாப்வேக்காரர்கள் 1,18,000 பேரை ஒட்டி வந்துவிட்டார்கள். இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஜிம்பாப்வேயில் பிறந்தவர்களில் வெள்ளையரும் உண்டு. தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்தவர் என்று காட்டினால் அதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. அவர்களில் பலர் அந்த வாசலில் வந்தவர்கள். வியட்நாம் கணக்கிலோ, காகிதம் இல்லாமல் பின்கட்டில் வாழ்கிறவர்கள் வரவே மாட்டார்கள்.

வியட்நாமியர் வந்த கதை முந்தியது. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் படையிடம் விழுந்தபோது அமெரிக்காவுக்குப் போன முதல் கூட்டத்தில் அந்த அரசின் அதிகாரிகளும் படித்தவர்களும் அதிகம். பிரிட்டனுக்கு வந்தவர்கள் வேறு ரகம். பெரும்பாலோர் வட வியட்நாமைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் சீன வம்சாவளியினர் ஏராளம். 1979-இல் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் எல்லைப் போர் மூண்டபின் அவர்களால் அங்கே இருக்க முடியவில்லை. படகேறி, அப்போது பிரிட்டனின் கையில் இருந்த ஹாங்காங்குக்குப் போனார்கள். மீனவர், சிறு வியாபாரி, கைத்தொழில்காரர். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. அதற்கு முன்பே, 1978 அக்டோபரில், வெல்பார்க் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தென்சீனக் கடலில் 346 பேரைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தது. 1979 ஜூலையில் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் 10,000 பேரை ஏற்பதாகப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் இதை மனமுவந்து செய்யவில்லை. பிறகு வெளியான அரசு ஆவணங்களைப் பார்த்தால், இந்தோனேசியாவிலோ பிலிப்பைன்ஸிலோ ஒரு தீவை ஆஸ்திரேலியாவோடு கூட்டாக விலைக்கு வாங்கி இவர்களை அங்கே குடியமர்த்தலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்.

வந்தவர்களை முகாம்களில் வைத்துவிட்டு, ஊருக்குச் சில குடும்பங்கள் என்று நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். ஓரிடத்தில் கூடிவிடக் கூடாது என்பது கணக்கு. பேச ஆள் இல்லை, அரிசிக்கடை இல்லை, வேலை இல்லை. சில ஆண்டுகளிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் மான்செஸ்டருக்கும் வந்து சேர்ந்தார்கள். லண்டனின் ஹாக்னி பகுதியில் கிங்ஸ்லாண்ட் சாலை நெடுக இன்று வரிசையாக ஃபோ சூப் கடைகள் இருப்பதற்கு அந்த மூட்டை முடிச்சுகள்தான் காரணம். அரசு பிரித்துவைத்ததைச் சோறும் மொழியும் மறுபடி சேர்த்துவைத்தன. அந்தக் காலத்தில் அவர்களின் பொருளாதார நிலை என்று சொல்ல அதிகம் இல்லை. அரசு உதவித்தொகை, நகராட்சி வீடு, பெண்கள் வீட்டிலேயே துண்டுக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுத்த சட்டைகள். அந்தத் தையல் வேலையும் ஆடைத் தொழில் வெளிநாட்டுக்குப் போனபோது கூடவே போய்விட்டது.

ஜிம்பாப்வேக்காரர்கள் வந்தது விமானத்தில். 2002 நவம்பர் வரை அவர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு கேட்விக்கிலோ ஹீத்ரோவிலோ வந்து இறங்கலாம். 2000-இல் அதிபர் முகாபேயின் அரசு வெள்ளையரின் பண்ணைகளைக் கையகப்படுத்தியது, எதிர்க்கட்சிக்காரர்கள் மீது தாக்குதல், விலைவாசி எல்லாம் சேர்ந்து மத்திய வர்க்கத்தையே பெயர்த்து எறிந்தன. ஆசிரியர், செவிலியர், கணக்காளர், வங்கி ஊழியர். ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே தேர்வு எழுதியவர்கள். 2002 ஓர் ஆண்டில் மட்டும் 7,500 பேருக்கு மேல் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தார்கள். லண்டனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹராரே நார்த்'. பிரயன் சிக்வாவா 2009-இல் எழுதிய நாவலுக்கும் அதுதான் தலைப்பு.

நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்த்த பாடம் ஒன்று உண்டு. நாலு எழுத்துப் படி, இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பாடத்தை அட்சரம் பிசகாமல் படித்தவர்கள் ஜிம்பாப்வேக்காரர்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது?

தஞ்சம் கேட்டவர் வேலை செய்யக் கூடாது. ஆறு மாதம் காத்திருந்தால் வேலைக்கு அனுமதி கேட்கலாம் என்று முன்பு ஒரு வழி இருந்தது. 2002 ஜூலையில் அதையும் அடைத்துவிட்டார்கள். காகிதம் உள்ளவருக்கு ஒரு வாசல் எப்போதும் திறந்திருந்தது. முதியோர் பராமரிப்பு. ஊரிலிருந்து அத்தை கூப்பிட்டு, "லண்டனில் என்ன வேலை?" என்று கேட்டால், "பிபிசியில்" என்று சொல்வார்களாம். அத்தை வானொலி என்று நினைத்துக்கொள்வார். அவர்களுக்குள் அதன் விரிவு 'பிரிட்டிஷ் பாட்டம் கிளீனர்ஸ்'. வெள்ளைக்காரக் கிழவர்களின் பின்புறம் கழுவிவிடுகிறவர்கள். இந்தக் கேலி இன்று ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பு வரைக்கும் ஏறிவிட்டது. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் சொல்லிச் சிரித்தவர் ஊரில் தலைமை ஆசிரியராக இருந்திருப்பார்.

அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். காலை ஏழு மணி. கதவோரத்தில் சின்ன இரும்புப் பெட்டி, அதில் நாலு எண் அழுத்தினால் வீட்டுச் சாவி விழும். உள்ளே போனதும் கைப்பேசியில் வருகையைப் பதிய வேண்டும். அங்கிருந்து நிமிடம் ஓடத் தொடங்கும். சில வீடுகளுக்கு முப்பது நிமிடம், சில வீடுகளுக்குப் பதினைந்தே நிமிடம். கிழவியை எழுப்பி, நனைந்த டயப்பரை மாற்றி, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுத்து, டீ போட்டு, பதிவேட்டில் எழுதி, மறுபடி கைப்பேசியில் பதிந்துவிட்டு வெளியேற வேண்டும். அடுத்த வீடு பேருந்தில் இருபது நிமிடத் தூரம். அந்த இருபது நிமிடத்துக்குப் பல ஏஜென்சிகள் சம்பளம் தருவதில்லை. காலையில் வரிசையாக வீடுகள், மதியம் சும்மா, மாலையில் மறுபடி வரிசையாக வீடுகள். காலை ஆறு முதல் இரவு பத்து வரை வெளியே இருந்துவிட்டு ஏழெட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிற வித்தை இப்படித்தான் நடக்கிறது. இதைவிட மேல் என்று சிலர் 'லிவ்-இன்' வேலைக்குப் போவார்கள். முதியவர் வீட்டிலேயே வாரக்கணக்கில் தங்குவது. வாடகை மிச்சம். ஆனால் இரவில் எத்தனை தடவை எழுந்தோம் என்று யாரும் எண்ணித் தருவதில்லை.

இதில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் விகிதத்தைப் பார்த்தால் ஜிம்பாப்வேக்காரர்கள் நன்றாகவே நிற்கிறார்கள். செவிலியராகப் பதிவு பெற்றவர்களும் சமூகப் பணியாளர்களும் வீடு வாங்கி, லெஸ்டரிலும் லூட்டனிலும் ஸ்லாவிலும் ஊன்றிவிட்டார்கள். ஆனால் ஆங்கிலமும் சான்றிதழும் அவர்களைக் கொண்டுபோய் விட்டது இன்னொருவர் நிறுவனத்துக்குள். அங்கே ஏணி இருந்தது, அந்த ஏணியின் பிடி எப்போதும் வேறொருவர் கையில்.

வியட்நாமியருக்கு அந்த வாசலில் நிற்கவே தகுதியில்லை. விண்ணப்பத்தையே படிக்க முடியாதவருக்கு அலுவலகத்தில் என்ன வேலை? அவர்களுக்கு வழி திறந்தது அமெரிக்காவிலிருந்து. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் 1975-இல் கலிஃபோர்னியாவில் ஓர் அகதி முகாமுக்குப் போனார். அங்கிருந்த வியட்நாமியப் பெண்கள் அவருடைய நகங்களைப் பார்த்து வியந்தார்கள். தன் நக ஒப்பனைக்காரரை வரவழைத்து இருபது பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்று அமெரிக்காவில் நகம் செய்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வியட்நாமியர். 1990-களின் இறுதியில் அந்தத் தொழில் உறவுக்காரர்கள் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டனுக்கு வந்தது.

ஏன் நகம்? ஒரு சின்னக் கடை, நாலு மேசை, நாலு விளக்கு, அக்ரிலிக் பொடி, அரம். முதல் குறைவு. கற்றுக்கொள்ளச் சில வாரம். பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் செவிலியருக்குக் கேட்பதுபோல் தேசியப் பதிவு எதுவும் கேட்பதில்லை. ஆங்கிலமும் அதிகம் வேண்டாம்: நீளமா, குட்டையா, சதுரமா, வட்டமா, என்ன நிறம். கடைக்குள் போனால் முதலில் மூக்கில் ஏறுவது அசிட்டோன் நெடி. அப்புறம் கண்ணில் படுவது வரிசையாகக் குனிந்த தலைகள், முகக்கவசம், வாடிக்கையாளர் கைக்கும் தொழிலாளி முகத்துக்கும் நடுவில் மிதக்கிற வெள்ளைத் தூசி. ஒரு காலத்தில் பணக்காரப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்த சொகுசை, சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் பெண்ணும் மாதம் ஒருமுறை செய்துகொள்ளும் விலைக்கு இறக்கியவர்கள் இவர்கள்.

வாசல் கிடைக்காதவர்கள் தாங்களே ஒரு வாசல் வைத்துக்கொண்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இங்கேயே நிறுத்தினால் பாதிப் பொய். அந்த மலிவு விலையில் ஒரு பகுதியை யார் சுமக்கிறார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கடைக்கு முதல் எங்கிருந்து வந்தது? வங்கியில் போய் உட்கார அவர்களுக்கு மொழி இல்லை, ஈடு காட்டச் சொத்தும் இல்லை. நமக்குத் தெரிந்த விஷயம்தான் கைகொடுத்தது: சீட்டு. வியட்நாமின் தெற்கில் அதை 'ஹுய்' என்பார்கள், வடக்கில் 'ஹோ'. பத்துப் பதினைந்து பேர் மாதம் இவ்வளவு என்று போடுவது. பெரும்பாலும் நம் ஏலச்சீட்டு மாதிரிதான். அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார், பொறுத்திருப்பவருக்குத் தள்ளுபடி லாபமாக வந்து சேரும். ஜிம்பாப்வேக்காரர்களிடமும் சீட்டு உண்டு. ஷோனா மொழியில் 'முகாண்டோ'. அது பெரும்பாலும் ஏலம் இல்லாத சீட்டு. முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மாதம் எடுப்பார்கள், போட்ட தொகை அப்படியே கைக்கு வரும்.

இந்த வித்தியாசத்தை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் உறைத்தது. ஏலச்சீட்டில் பணத்துக்கு விலை உண்டு. கடை பிடிக்கத் துடிப்பவர் அந்த விலையைக் கொடுப்பார், காத்திருப்பவர் வாங்குவார். பார்க்கப்போனால் அது ஒரு குட்டி வங்கி. முறைச்சீட்டில் பணத்துக்கு விலை இல்லை; மாதச் சம்பளக்காரர்கள் ஒருவருக்கொருவர் பிடித்துவைக்கும் சேமிப்பு அது. ஒரு வீட்டில் மொத்தமாகச் செலவு வரும்போது தாங்குவதற்கு அருமையான ஏற்பாடு. நம் ஊரிலும் சம்பளக்காரர்கள் குலுக்குச் சீட்டும் வியாபாரிகள் ஏலச்சீட்டும் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எந்தச் சமூகம் எந்தச் சீட்டைப் பிடிக்கிறது என்பதில் அவர்கள் செய்கிற வேலையின் சாயல் தெரிகிறது. கூடவே அவர்கள் தலைக்கு மேல் தொங்குகிற செலவின் சாயலும்.

ஜிம்பாப்வேக்காரர்களின் தலைக்கு மேல் தொங்கும் செலவு எது? சாவு. யாராவது பிரிட்டனில் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும். ஊர் என்றால் ஹராரேகூட இல்லை. 'குமுஷா', முன்னோர் புதைந்திருக்கும் கிராமம். அதற்குச் சில ஆயிரம் பவுண்டு ஆகும். இதற்கென்றே ஈமச்சடங்குச் சங்கங்கள், காப்பீடுகள், நம் மொய் மாதிரி 'சேமா' என்று ஒரு துக்கப் பணம். சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகை, கடை பிடிக்க உதவியிருக்க வேண்டிய தொகை, ஒரு மரணத்தோடு விமானம் ஏறிவிடும். இதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்நிய மண்ணில் கிடந்து அழியாமல் வீடு திரும்புவோம் என்ற உறுதிக்கு அவர்கள் கட்டுகிற தவணை அது.

இனி அந்த விலைப் பலகைக்கு வருவோம். ஜிம்பாப்வேயில் 2008-இல் பணவீக்கம் எகிறியதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நவம்பர் மாதத்துக்கு ஒரு பொருளாதார அறிஞர் போட்ட கணக்கு, ஒரே மாதத்தில் 7,960 கோடி விழுக்காடு. 2009 ஜனவரியில் ஒன்றுக்குப் பின்னால் 14 பூஜ்யம் போட்ட நோட்டு வந்தது. இப்போது அதை வெளிநாட்டார் வேடிக்கைக்கு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த வேடிக்கையில் நாம் மறந்துவிடுவது, அந்த நாணயத்தில் ஆயுள் முழுக்கச் சேமித்தவர்களை. 2015-இல் பழைய நாணயத்தை முறைப்படி ஒழித்தபோது வங்கிக் கணக்குக்கு 5 அமெரிக்க டாலர் என்று கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அதற்கு மேல் இருப்பு வைத்திருந்தவர்களுக்கு 35-க்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்ட தொகைக்கு ஓர் அமெரிக்க டாலர். முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரின் ஓய்வூதியமும் காப்பீடும் இதில்தான் கரைந்தன.

அந்த வாத்தியாரின் மகள் லெஸ்டரில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஓய்வூதியம் இப்போது அவள்தான். தம்பியின் கல்லூரிக் கட்டணம் அவள்தான். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, அக்கா பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கிணற்று மோட்டார் எல்லாம் அவள்தான். தென்னாப்பிரிக்கப் பகுதியில் இதற்குப் பெயரே இருக்கிறது, 'பிளாக் டாக்ஸ்'. அரசு போட்ட வரி இல்லை, உறவு போட்ட வரி. 2008-இல் பணம் அனுப்பியும் பயனில்லை. கடையில் பொருள் இருந்தால்தானே வாங்க? அப்போது பிரிட்டனில் இணையத்தில் பவுண்டு கட்டினால் ஜிம்பாப்வேயில் வீட்டுக்கு மளிகையும் பெட்ரோல் கூப்பனும் கிடைக்கிற மாதிரி ஏற்பாடுகள் முளைத்தன. சேமித்து ஊரில் வீடு கட்டியவர்களும் உண்டு. மத்திய வங்கியே 2004-இல் ஹோம்லிங்க் என்று ஒரு திட்டம் கொண்டுவந்து வெளிநாட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டது. அந்தப் பணம் செங்கல்லில் நின்றது. ஆனால் தொழிலில் போட்டால்? நாணயம் 2019-இல் ஒரு தடவை மறுபிறவி எடுத்தது. 2024 ஏப்ரலில் ஜிக் என்று இன்னொரு பிறவி, அதே செப்டம்பரில் 43 விழுக்காடு மதிப்புக் குறைப்பு. இந்த நிலத்தில் விதை நட யாருக்குத் துணிவு வரும்?

வியட்நாமைப் பாருங்கள், அங்கே எல்லாம் வளர்ச்சிதானே என்று சிலருக்குத் தோன்றும். அவர்களும் இந்தப் பள்ளத்தில் கிடந்து எழுந்தவர்கள்தான். 1986-இல் வியட்நாமில் பணவீக்கம் ஆண்டுக்கு 700 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டு வியட்நாமியர் பணம் அனுப்பவில்லை, பெட்டி அனுப்பினார்கள். துணி, மருந்து, சோப்பு. ஊரில் உள்ளவர்கள் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியைச் சந்தையில் விற்று அரிசி வாங்கினார்கள். ஜிம்பாப்வேயின் மளிகைக் கூப்பனும் வியட்நாமின் அட்டைப் பெட்டியும் ஒரே கதைதான், நடுவில் இருபது ஆண்டு இடைவெளி. 1986 டிசம்பரில் டோய் மோய் என்ற சீர்திருத்தத்தைக் கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு ஏற்றது. விவசாயிக்கு நிலத்தில் பயிர் செய்து விளைச்சலை விற்கும் உரிமை, தனியார் தொழிலுக்கு அனுமதி. 1995-இல் அமெரிக்காவோடு உறவு, 2007-இல் உலக வர்த்தக அமைப்பில் இடம். பெட்டியில் போன பாசம் மெல்ல முதலீடாக மாறியது. நிலம், கடை, விடுதி. பத்தாண்டு முன்பு அனுப்பிய ஆயிரம் பவுண்டு இன்று நிலமாக ஏறி நிற்கிறது.

இதனால்தான் இரண்டு சமூகங்களையும் ஒரே ஆண்டில் நிறுத்தி எடைபோடுவதை நான் நம்புவதில்லை. 1985-இல் ஹாக்னியில் தைத்துக்கொண்டிருந்த வியட்நாமியப் பெண்ணுக்குப் பக்கத்தில் 2008-இல் பேருந்துக்குக் காத்திருந்த ஜிம்பாப்வேப் பெண்ணை நிறுத்த வேண்டும். இன்னொரு கணக்கு: உலகெங்கும் இருந்து வியட்நாமுக்கு ஆண்டுக்கு 1,600 கோடி டாலரை ஒட்டி வருகிறது, ஜிம்பாப்வேக்கு 200 கோடி டாலர் அளவில். எட்டு மடங்கு என்று வாய் பிளக்க வேண்டாம். வியட்நாமில் பத்துக் கோடிப் பேர், ஜிம்பாப்வேயில் ஒன்றரைக் கோடி. தலைக்கு வகுத்தால் ஏறத்தாழ 160 டாலரும் 130 டாலரும். அனுப்புகிறவர்களின் பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. போய் இறங்குகிற மண்தான் வேறு.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்று விட்ட இடம். நகக் கடையின் முதலாளி 1980-களில் வந்த அகதி என்றால், மேசையில் குனிந்திருக்கும் இளம்பெண் பெரும்பாலும் அவர் ஊர்க்காரி இல்லை. மத்திய வியட்நாமின் ங்கே ஆன், ஹா டின் மாகாணங்களிலிருந்து வந்திருப்பாள். நாடு வளர்ந்தது என்றேன். எல்லா மாகாணமும் வளரவில்லை. 2016-இல் ஹா டின் கரையில் ஓர் எஃகு ஆலையின் கழிவில் மீன்கள் செத்து ஒதுங்கியபோது மீனவக் குடும்பங்கள் ஏராளமாக நொடித்தன. பக்கத்து ங்கே ஆனில் டோ தான் என்ற கிராமத்துக்குக் 'கோடீஸ்வரர் ஊர்' என்றே பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்த பணத்தில் எழுந்த மாடி வீடுகள். ஒரு மாடி வீட்டைப் பார்த்துப் பத்து ஓட்டு வீடுகள் பிள்ளையை அனுப்பத் துணிகின்றன. நிலப் பத்திரத்துக்கு அங்கே 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர். அதை வங்கியில் அடகு வைத்து, உறவினரிடம் கடன் வாங்கி, கடத்தல்காரனுக்குப் பல ஆயிரம் பவுண்டு கட்டுகிறார்கள். வந்து சேர்ந்தபின் நகக் கடை, அல்லது பூட்டிய வீட்டுக்குள் கஞ்சாச் செடிக்குக் காவல். கடன் அடையும் வரை சம்பளம் என்பது பேச்சளவில். காகிதம் இல்லாமல் வாழ்கிற இவர்களை வியட்நாமியர் 'வைக்கோல் மனிதர்' என்கிறார்கள். 2019 அக்டோபர் 23 அன்று எசெக்ஸின் கிரேஸ் என்ற ஊரில் குளிர்சாதனச் சரக்குப் பெட்டிக்குள் 39 வியட்நாமியர் இறந்து கிடந்தார்கள். அவர்களில் இருவருக்கு வயது 15. பெரும்பாலோர் அந்த மத்திய மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். சடலங்கள் ஊர் வந்து சேர்ந்தபின்னும் வங்கியில் இருந்த புத்தகங்கள் வீடு திரும்பவில்லை.

ஆகவே வியட்நாமியர் முன்னேறிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், எந்த வியட்நாமியர், எந்த ஆண்டில் வந்தவர் என்று கேளுங்கள். கடைக்காரருக்கும் மேசைக்காரிக்கும் நடுவில் இருக்கும் தூரம், வியட்நாமியருக்கும் ஜிம்பாப்வேக்காரருக்கும் நடுவில் இருப்பதைவிடப் பெரிது.

ஜிம்பாப்வேக்காரர்களிலும் அதே மாதிரி ஒரு புது வரிசை உருவாகியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் பராமரிப்புத் தொழிலாளர்களுக்கு விசா வாசல் திறந்தது. அந்த வாசலில் அதிகம் வந்தவர்கள் இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாட்டினர். இந்தியர் என்றால் நம்மவரும்தான். ஆகவே காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பிரிட்டனில் ஒரு நிறுவனம் ஆதரவுச் சான்று கொடுத்தால்தான் விசா. அந்தச் சான்றை விற்கக் கூடாது. ஆனால் இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விற்றார்கள். ஹராரேயில் காரையும் வீட்டையும் விற்று வாங்கினார்கள். வந்து இறங்கினால் சிலருக்குச் சொன்ன வேலையே இல்லை. சிலருக்கு வாரத்துக்குச் சில மணி நேரம். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தை அரசு பிடுங்கியது. அவற்றை நம்பி இருந்தவர்கள் 39,000 பேருக்கு மேல். நிறுவனம் செய்த தப்புக்குத் தொழிலாளிக்குக் கொடுக்கிற அவகாசம் 60 நாள். அதற்குள் வேறொரு ஆதரவு நிறுவனத்தைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

2024 மார்ச் 11-க்குப் பிறகு பராமரிப்பு விசாவில் வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. ஏற்கனவே ஜிம்பாப்வேயில் பாட்டியிடம் விட்ட பிள்ளைகளுக்கு 'டயஸ்போரா அனாதைகள்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. பணம் தவறாமல் வரும், பெற்றோர் வரமாட்டார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புத் தொழிலாளர்களை எடுக்கும் வாசலையே மூடிவிட்டார்கள். படித்த மத்திய வர்க்கம், விமானத்தில் வந்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்று தொடக்கத்தில் நான் சொன்ன அந்த ஜிம்பாப்வேக்காரர் கடைசியில் ங்கே ஆன் விவசாயியின் மகனைப் போலவே கடனோடு வந்து இறங்கினார். கையில் ஒரு விசா இருக்கிறது. அது ஒரு முதலாளியின் பெயரில் இருக்கிறது.

இவர்களின் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று கொஞ்சம் பேச நினைத்திருந்தேன். நகக் கடைப் பிள்ளைகள் கடையை எடுத்து நடத்த விரும்பாதது, பராமரிப்புத் தொழிலாளியின் மகள் செவிலியர் படிப்பைக் கண்டாலே ஓடுவது, எல்லாம் சுவையான விஷயங்கள். ஆனால் அவைத் தலைவர் இரண்டாவது துண்டுச் சீட்டை அனுப்பிவிட்டார், முதல் சீட்டை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கேள்விகளுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. முன்வரிசையில் அந்த மொட்டைத் தலை நண்பரும் உட்கார்ந்திருக்கிறார். முதல் கேள்வி அவருடையதாகவே இருக்கட்டும்.